இடப்பக்கம் கேட்காத ஹெட்செட்

கிளாவரை
ஆனி 9

அன்பு மகள் முருகேஸ்வரிக்கு,

அப்பா ஆண்டிச்சாமி சொல்லச் சொல்ல, நம்மூர்த் தபாலாபீசு பாண்டிச்செல்வி எழுதுவது. இங்கே நானும் மாடும் சுகம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா என்று தெரிய வேண்டும்.

நீ போட்ட கடுதாசி வந்தது. மூன்று மாதமாக மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் கிடந்தவனுக்கு அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்ததே பெரிசு. கோயம்புத்தூரில் பெண்கள் விடுதியில் இருக்கிறாய், ஏதோ ஆபீசில் வேலை என்பது தெரிந்தது. போனில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்க மாட்டேன். இங்கே டவர் எடுக்க மேட்டுக்கு ஏற வேண்டும். போன் இருப்பதோ உன் புருசன் முத்துராஜ் கையில். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தது என்னை விட்டுப் போகாது. நீ எழுதியதைப் பாண்டிச்செல்வி ஒருமுறை வாசித்தால் எனக்குப் போதும்.

பங்குனியில் நீ பஸ் ஏறிப் போன நாளிலிருந்து முத்துராஜ் குடிப்பதில்லை. எனக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிறான். பூண்டுக் காட்டை அவன்தான் பார்க்கிறான். என்ன இருந்தாலும் உன் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வேலுத்தாய் கண்ணை மூடுகிறபோது உன் கையைப் பிடித்து அவன் கையில் வைத்துவிட்டுத்தான் போனாள். தாய்மாமனைக் கட்டிக்கொண்டு, பிறகு கோபித்துக்கொண்டு போனவர்கள் இந்த மலையில் நீ ஒருத்தி மட்டும் இல்லை. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். நீயும் ஆடி பிறப்பதற்குள் வந்து சேர்.

நீ வரும் வழி பார்க்கும்,
அப்பா


கோயம்புத்தூர்
4-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் முருகேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? சாரல் அடிக்கிற நேரத்தில் காட்டுக்குப் போகாதீர்கள். பாண்டிச்செல்வி அக்காவை மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என் வேலை என்னவென்று சொல்கிறேன். இது பார்சல் அனுப்புகிற கம்பெனி. பார்சல் வந்து சேராதவர்கள், உடைந்த பார்சல் வாங்கியவர்கள், பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது என்பவர்கள், எல்லாரும் போன் செய்வார்கள். பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்து பதில் சொல்கிறோம். நல்ல சேதி சொல்ல ஒருவரும் கூப்பிடுவதில்லை. திட்டத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் அழுதேன். இப்போது ஒருவர் திட்டத் தொடங்கியதுமே அவர் எந்த ஊர் என்று தெரிந்துவிடுகிறது. திண்டுக்கல் பக்கத்து ஆள் திட்டினால் மட்டும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறது.

இங்கே கையில் போன் பிடிப்பதில்லை. தலையில் வளையம் மாதிரி ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். ஹெட்செட் என்பார்கள். காதில் பஞ்சு வைத்த மூடி, வாய்க்கு நேரே ஒரு சின்னக் குழாய். எங்களுக்கு முந்தின ஷிப்டில் இருப்பவர்கள் மாட்டியதையே நாங்களும் மாட்டுகிறோம். பஞ்சு எப்போதும் ஈரமாக இருக்கும். இரண்டு பெண்களுக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. அதனால் அவரவர் சொந்தமாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இரண்டு காதையும் மூடுவது ஒன்று, ஒரு காதுக்கு மட்டும் வருவது ஒன்று என்று இரண்டு வகை இருக்கிறது. எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், பெயர் தாரணி, இரண்டு காதுதான் நல்லது, கூடத்துச் சத்தம் உள்ளே வராது என்கிறாள். எனக்கு எதை வாங்குவது என்று முடிவுக்கு வர முடியவில்லை. வேறு நினைப்பே இல்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதற்குப் போய் அப்பாவிடம் யோசனை கேட்கிறாளே என்று சிரிக்காதீர்கள். வேறு யாரிடம் கேட்பேன்?

ஆபீஸ் விலாசத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். விடுதி மாற நேர்ந்தாலும் அங்கே எழுதினால் வந்து சேரும்.

மற்றவை நேரில்.

உங்கள் பாதம் பணியும்,
முருகேஸ்வரி


கிளாவரை
ஆடி 8

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல, பாண்டிச்செல்வி எழுதுவது. மூட்டுவலி அதன் போக்கில் இருக்கிறது, நான் என் போக்கில் இருக்கிறேன். நீயும் சுகமாக இரு.

ஆடி பிறப்பதற்குள் வா என்று எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. மற்றவை நேரில் என்று முடித்திருக்கிறாய். நேரில் வந்தால்தானே தாயீ நேரில்.

நீ கேட்ட காது சமாசாரத்தைச் சொல்கிறேன். யோசிக்க என்ன இருக்கிறது, இரண்டு காதையும் மூடுவதையே வாங்கு. இந்த மலையில் பிறந்தவள் நீ. காதை மூடாமல் யாராவது வெளியே போவார்களா? தொட்டில் பிள்ளை முதல் பாடையில் போகிற கிழடுவரை காதில் துணி கட்டாத ஆள் இங்கே உண்டா? ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். ஆபீசில் குளிர்காற்று மிசின் ஓடும் என்று பாண்டிச்செல்வி சொல்கிறாள். ஒரு காது வழியாகக் குளிர் ஏறினால் போதும், மண்டையைப் பிளந்துவிடும்.

காது என்றதும் உனக்குக் காது குத்திய நாள் ஞாபகம் வருகிறது. மாமன் மடியில்தான் குத்த வேண்டும், உனக்கு மாமன் என்றால் முத்துராஜ் ஒருவன். அவனுக்கு அப்போது பத்து வயசோ பதினொன்றோ. மடி பத்தவில்லை. இரண்டு பேர் அவன் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு உன்னை மேலே உட்கார வைத்தார்கள். ஆசாரி வலது காதில் குத்தினார், நீ அவர் மீசையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். இடது காதில் குத்தியதும் ஓவென்று கத்தி முத்துராஜ் விரலைக் கடித்துவிட்டாய். உன்னைவிட அவன்தான் அன்றைக்கு அதிகம் அழுதான். விரலை வாயில் வைத்துக்கொண்டே உன் வாயில் சர்க்கரை போட்டான். அந்தப் பையன்தான் இவன். அதை நினைத்துப் பார்.

உன் விலாசத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவளே சொல்லட்டும் என்று தரவில்லை. நீயாக வருவதுதான் மரியாதை. ஆவணிக்குள் வந்து சேர்.

அப்பா


கோயம்புத்தூர்
19-8-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் முருகேஸ்வரி எழுதுவது. நலமாக இருக்கிறேன். நீங்கள் ராத்திரியில் இருமுகிறீர்களா? மிளகு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தைப் பாண்டிச்செல்வி அக்காதான் வாசிக்க வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் சொன்னபடி இரண்டு காது ஹெட்செட்டே வாங்கினேன். தாரணி எல்லாருடையதையும் சோதித்தாள். இடது பக்கம் ஒரு சத்தம் வரும், அப்போது இடது கையைத் தூக்க வேண்டும். வலது பக்கம் வரும், வலது கை. வரிசையில் எல்லாரும் இடது கையைத் தூக்கினார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்றாள். இடது பக்கம் கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன். கடையில் கொண்டுபோய் மாற்றினேன். இரண்டாவதிலும் இடது பக்கம் கேட்கவில்லை. மூன்றாவதும் அப்படித்தான். கடைக்காரர் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானம்மா கேக்குது" என்றார். இன்னொரு முறை வந்தால் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மூன்று ஹெட்செட்டிலும் இடது பக்கம் கெட்டுத்தான் வருகிறது. என் ராசி.

பஞ்சு அழுத்தி அழுத்தித் தோடு குத்துகிறது. அதனால் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். வெறும் காதாக இருக்கிறாளே என்று அம்மா இருந்தால் திட்டியிருப்பாள்.

விடுதிச் சாப்பாடு பரவாயில்லை. சோற்றில் கல் இருந்தாலும் ரசத்தில் உப்பு இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவை நேரில்.

உங்கள் மகள்,
முருகேஸ்வரி


கிளாவரை
ஆவணி 20

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

உன் அப்பா சொல்ல, மாமா முத்துராஜ் எழுதுவது. இங்கு யாவரும் நலம், உன் நலனுக்கு முருகன் துணை.

பாண்டிச்செல்வி தன் அம்மாவை வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கேயே இருக்கிறாள். வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் உன் கடிதத்தை நானே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுச் சந்தோஷப்பட்டார். அப்பா சொல்வது: பூண்டு இந்த முறை நன்றாக வந்திருக்கிறது, வயசாகிவிட்டது, தனியாக முடியவில்லை. ஊர்ப்பெரியவர் பழனிமுத்து ஐயாவும் வந்து பேசினார். புருசன் பெண்டாட்டி வேறு வேறு ஊரில் இருப்பது குடும்பத்துக்கு அழகில்லை என்றார். அப்பாவும் ஆமாம் என்றார்.

உன் விலாசம் எனக்கு இப்போதுதான் கிடைத்தது. மிகவும் சந்தோஷம். தீபாவளிக்கு நானே நேரில் வந்து அழைத்து வருகிறேன். நீ எங்கும் போக வேண்டாம்.

அப்பா உன்னை ஆசீர்வதிக்கிறார்.

இப்படிக்கு,
உன் மாமா


கோயம்புத்தூர்
18-9-2024

அப்பாவுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. ஹெட்செட் சரியாகிவிட்டது. இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறது. தீபாவளிக்கு லீவு கிடையாது. விடுதி மாறுகிறேன்.

முருகேஸ்வரி


கிளாவரை
ஐப்பசி 3

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல, பாண்டிச்செல்வியே எழுதுவது. அவள் அம்மாவுக்குக் குணமாகித் திரும்பி வந்துவிட்டாள். உன் பழைய கடுதாசி அவளிடம் இருந்தது. அதில் உள்ள ஆபீசு விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

நீ கடைசியாகப் போட்டது கடுதாசியே இல்லை. என் இருமலைக்கூட விசாரிக்கவில்லை. பாண்டிச்செல்வி வந்த அன்றைக்கே, இதற்கு முந்தினதை இன்னொரு தடவை வாசி தாயீ, மகள் பேசுகிற மாதிரி இருக்கும் என்றேன். வாசித்தாள். நடுவில் நிறுத்தச் சொன்னேன். அவள் வாசித்தது எனக்குப் புதுசாக இருந்தது.

முத்துராஜ் வாசித்தபோது என்னென்ன சொன்னான் என்று எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. இரண்டு காது ஹெட்செட்டு வாங்கினேன் என்றான். அடுத்து, தோடு குத்துகிறது என்றான். அப்புறம் சோற்றில் கல். நடுவில் வேறு எதுவும் இல்லை. பாண்டிச்செல்விதான் வாசிக்க வேண்டும் என்று நீ எழுதியதும் இல்லை. அதை விட்டதற்குக் காரணம் எனக்கு விளங்குகிறது, எவனும் விடுவான். ஆனால் மூன்று ஹெட்செட்டும் இடது பக்கம் கேட்கவில்லை என்பதை ஏன் விட்டான்? கடையில் வாங்கின சாமான் கெட்டுப்போனதை மறைக்க அவனுக்கு என்ன சோலி?

இந்தக் கேள்வி மனசில் விழுந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. நீ டவர் கிடைக்கிற மேட்டில் உட்கார்ந்து பூண்டு உரிக்கும்போது போன் வந்தால் இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவாய், கை பாட்டுக்கு உரிக்கும். முந்தின வருசம் சிவராத்திரி கழிந்து மூன்று நாள் தலையில் கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாய். என்னத்தா என்று வாசலில் நின்று கேட்டேன், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். நானும் இஞ்சி கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற ஊராக இருந்தால் ஏன் காதைக் கட்டியிருக்கிறாய் என்று யாராவது அவிழ்த்துப் பார்த்திருப்பார்கள். இங்கே யார் கேட்பார்கள்? அதற்குப் பிறகு நீ போனை இடது பக்கம் வைத்து நான் பார்த்ததில்லை. உரிக்கிறதை நிறுத்திவிட்டு, வலது கையால் பிடித்துப் பேசினாய். என்னோடு நடந்தாலும் சுற்றிக்கொண்டு வந்து என் இடப்பக்கம்தான் நடந்தாய். ஓடைப் பக்கமிருந்து நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். பிள்ளைக்கு ஏதோ கவலை என்று விட்டுவிட்டேன்.

மூன்று ஹெட்செட்டு ஒரே பக்கம் கெடாது தாயீ. கடைக்காரருக்குக் கேட்டிருக்கிறது. கெட்டது ஹெட்செட்டு இல்லையென்றால் எனக்கு எழுது. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

பதில் பார்க்கும்,
அப்பா


கிளாவரை
கார்த்திகை 12

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்ல, பாண்டிச்செல்வி எழுதுவது. சுகம் என்று சொல்லிக்கொள்கிறேன். உன் சுகம் தெரியவில்லை. தீபாவளி போய்விட்டது. கடுதாசி இல்லை.

முத்துராஜ் தீபாவளிக்குக் கோயம்புத்தூர் வந்தான். பழைய விடுதியில் போய்க் கேட்டானாம், போய்விட்டாள் என்று சொன்னார்களாம். திரும்பி வந்த அன்றைக்குச் சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து வைக்கும்போது சத்தமாக வைத்தான். இப்போது மாலை போட்டிருக்கிறான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கப் போகிறானாம். ஊரெல்லாம் அவனைச் சாமி, சாமி என்கிறது. பழனிமுத்து, தை பிறந்ததும் உன்னை வரவழைத்து இருவரையும் கோயிலில் நிறுத்திச் சேர்த்துவைப்பதாக ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டார். என்னிடம் சரிதானே என்றார். நான் மகளிடம் கேட்கிறேன் என்றேன். மகளிடம் கேட்கிற அப்பனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார்.

நான் கேட்டது உன்னை வருத்தப்படுத்தியிருந்தால் அதை விட்டுவிடு. சுகமாக இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

அப்பா

முருகேஸ், அக்கா எழுதுறேன். தபால் பையைப் பிரிக்கிற நேரத்துக்கு உங்கப்பா தினமும் வந்து நிக்கிறார். எழுத்து தெரியாதவர், ஒவ்வொரு கவரையும் வாங்கித் திருப்பிப் பார்த்துட்டுத் தர்றார். ஒரு வரி போடுடா.


கோயம்புத்தூர்
20-12-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் முருகேஸ்வரி எழுதுவது. உடம்பு நலம். நீங்கள் பனியில் தபாலாபீசுக்கு நடந்து வர வேண்டாம். அக்கா எடுத்து வைப்பார்கள்.

பல முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். ஹெட்செட் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதுதான் எனக்கு எழுத வருகிறது.

இரண்டு காது ஹெட்செட்டை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு இரண்டு பக்கமும் கேட்கிறதாம். எனக்கு அது தெரியும் அப்பா. முதல் ஹெட்செட்டிலேயே தெரியும். தெரிந்தேதான் மாற்றினேன். அடுத்ததிலாவது கேட்டுவிடாதா என்று ஒரு ஆசை. நாலாவதும் வாங்கியிருப்பேன், கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

தாரணிதான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். உள்ளே சவ்வு கிழிந்து, அதற்கு அப்பாலும் கெட்டுப்போயிருக்கிறது, பழைய அடி என்றார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். மலையில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இப்போது ஒரு காது ஹெட்செட் வாங்கியிருக்கிறேன். குழாயைத் திருப்பிக்கொண்டால் எந்தக் காதிலும் மாட்டலாம். வலது காதில் மாட்டுகிறேன். மற்ற பெண்கள் ஒரு காது திறந்திருந்தால் கூடத்துச் சத்தத்தில் பேச முடியவில்லை என்கிறார்கள். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. போன மாதம் எல்லாருக்கும் முன்னால் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். இவ்வளவு இரைச்சலில் எப்படி இத்தனை நிதானமாகப் பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள்.

ஒரே ஒரு கஷ்டம். இடது பக்கமாக யாராவது வந்தால் எனக்குத் தெரிவதில்லை. ஒரு நாள் மேனேஜர் ஏதோ காகிதம் கொடுக்க அந்தப் பக்கமாக வந்து தோளைத் தொட்டார். நான் கையால் தலையை மூடிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டேன். கூடம் முழுக்கப் பார்த்தது. போனில் இருந்தவர், "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பார்சலைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன்.

தைக்கு வரச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஊர் சொன்னால் வர மாட்டேன். மாமா வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன். உங்களுக்கு முடியவில்லை, நீங்கள் வா என்று சொன்னால் வருவேன். உங்களைத் தனியாக விட்டுவிட்டு வந்தேன் என்பது மட்டும்தான் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் பாதம் பணியும்,
முருகேஸ்வரி


கிளாவரை
மார்கழி 20

அன்பு மகள் முருகேஸ்வரிக்கு,

அப்பா சொல்ல, பாண்டிச்செல்வி எழுதுவது. நலம் விசாரித்து ஆரம்பிக்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. "அப்படியே எழுதட்டுமாய்யா?" என்கிறாள். எழுது என்றேன்.

உன் கடுதாசியைக் கேட்ட மறுநாள் வெள்ளனே பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்குப் போனேன். முத்துராஜ் மாலையும் காவியுமாக உட்கார்ந்திருந்தான். பழனிமுத்து இருந்தார், இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ஆவணியில் அவன் எனக்கு வாசித்தானே, அந்தப் பழைய கடுதாசியை எடுத்துக் கொடுத்து, இன்னொரு தடவை வாசி மாப்ளே, கேட்க ஆசையாக இருக்கிறது என்றேன். வாங்கி வாசித்தான். பாண்டிச்செல்வியிடம் கொடுக்கச் சொன்ன வரியைத் தாண்டினான். ஹெட்செட்டு வாங்கினேன் என்று வாசித்தான். தோடு குத்துகிறது என்று போனான்.

"ஏலே, நடுவுல விட்டுட்டியே" என்றேன். எந்த நடுவுல என்றான். நீ எழுதியது முழுவதையும் நானே சொன்னேன், எல்லாரும் இடது கையைத் தூக்கினது, நீ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, கடைக்காரர் சொன்னது எல்லாம். ஒரு சொல் பிசகவில்லை. பழனிமுத்து காகிதத்தை வாங்கி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். முடிந்ததும் அதை முத்துராஜ் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"எந்தக் கையில அடிச்ச?" என்று கேட்டேன்.

வெகுநேரம் கடுதாசியை மடித்தான், பிரித்தான். பிறகு சொன்னான், "அக்கா மகள ஒரு அடி அடிக்க எனக்கு உரிமை இல்லையா மாமா?"

"இருந்துச்சுடா. அவளுக்குக் காது குத்த மடி குடுத்தவன் நீ. அந்த உரிமையிலதான் உங்கிட்ட விட்டேன்" என்றேன். மாலை போட்ட ஆளிடம் சத்தம் போடக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் சத்தமே போடவில்லை.

அவன் எழுந்து போன பிறகு பழனிமுத்து என் தோளில் கை வைத்து, "நடந்தது நடந்துபோச்சு. ஒத்தக் காதுக்காக ஒரு குடும்பத்தக் கலைக்கிறதா ஆண்டிச்சாமி?" என்றார். "அவளுக்கு இருந்ததே ரெண்டுதான்" என்றேன். கையை எடுத்துக்கொண்டார்.

அன்று முதல் முத்துராஜ் சோறு கொண்டுவருவதில்லை. மண்வெட்டியையும் மருந்தடிக்கிற டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மேல்வயல் தரிசாகக் கிடக்கிறது. இனி அப்படித்தான் கிடக்கும். கீழே இரண்டு பாத்தியில் எனக்கு ஆகிற அளவு ஊன்றியிருக்கிறேன். உன் அம்மா பக்கத்து ஆட்கள் எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போகிறார்கள். கல்யாணத்துக்கு, சாவுக்குச் சொல்லிவிட மாட்டார்கள். ஆக்கத் தெரியும், கஞ்சி வைத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மறைத்து எழுதியது நம் வீட்டில் போதும் என்று சொல்கிறேன்.

வேலுத்தாய் உன் கையை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள் என்று உனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இருந்திருந்தால் அவளே அதை எடுத்திருப்பாள். அவள் இல்லை, நான் எடுத்துவிட்டேன்.

இரண்டு காதையும் மூடுவதை வாங்கச் சொன்னேன். குளிரை மட்டும் நினைத்துச் சொன்ன யோசனை. நீ இப்போது வாங்கியிருப்பதுதான் சரி. அதன் பஞ்சை அடிக்கடி மாற்று. அந்த ஒரு காதுக்கும் ஒன்றும் வரக் கூடாது. உன் நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போடச் சொல்லிக் கேள், இடது பக்கம் சுவர் இருக்கிற மாதிரி. மேனேஜரிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கை தட்டினவர்கள் ஒரு நாற்காலியைத் தள்ளிப் போட மாட்டார்களா?

நீங்கள் வா என்றால் வருவேன் என்று எழுதினாய். ஒவ்வொரு கடுதாசியிலும் வந்து சேர், வந்து சேர் என்று முடித்தவன் நான். இப்போது சொல்கிறேன், வராதே. பொங்கலுக்கும் வராதே, நல்லது கெட்டதுக்கும் வராதே. எனக்கு ஒன்று ஆனது என்று யாராவது போன் செய்தால், பாண்டிச்செல்வி கையெழுத்தில் காகிதம் வராமல் நம்பாதே.

மாசியில் பனி குறைந்ததும் நானே கோயம்புத்தூர் வருகிறேன். பஸ் நம்பரும் நேரமும் பாண்டிச்செல்வி எழுதுவாள். நீ பஸ் ஸ்டாண்டில் வெளிச்சமான இடத்தில் நில். பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன். நேராக உன் முன்னால் வந்து நிற்பேன். நீ என்னைப் பார்த்த பிறகு, சுற்றிக்கொண்டு வந்து உன் வலப்பக்கம் நடக்கிறேன்.

அப்பா